சமநிலைக் களஞ்சியம்: லி குவெயின் கணக்கு அமெரிக்கச் சட்டமான கதை

புராதன சீனத் தத்துவத்தை இன்றைய வாழ்க்கைக்குப் பயன்படுத்துவது எப்படி என்று சொல்லித்தரும் புத்தகங்களுக்குப் பஞ்சமே இல்லை. மேனேஜர்களுக்கு சுன் சூ, மன அமைதிக்கு லாவோ சூ, குடும்ப ஒழுக்கத்துக்கு கன்ஃபூசியஸ். பெரும்பாலும் நடப்பது என்னன்னா, பழைய நூலிலிருந்து ஒரு வரியை உருவி, அதன் மேல் நமக்கு வேண்டிய அர்த்தத்தை ஒட்டிவிடுவதுதான். அந்த வரி எந்தப் பிரச்சினைக்காக, யாரிடம், எந்தச் சூழலில் சொல்லப்பட்டது என்று யாரும் கேட்பதில்லை.

என் கேள்வி வேற. ஒரு நவீன அரசு, பழைய சீனச் சிந்தனை ஒன்றைப் பெயர் சொல்லி எடுத்து, சட்டமாக்கி, பணம் ஒதுக்கி நடத்தியதற்கு ஆவணத்தோட ஓர் உதாரணம் உண்டா?

உண்டு. 1938, அமெரிக்கா. ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் வேளாண்மைத் துறைச் செயலர் ஹென்றி வாலஸ் கொண்டுவந்த வேளாண் சட்டம். அதன் மையத் திட்டத்துக்கு அவர் வைத்த பெயர், சீன மொழியில் "சாங்பிங்சாங்" என்ற சொல்லின் நேரடி ஆங்கிலப் பெயர்ப்பு. சாங் என்றால் எப்போதும், பிங் என்றால் சமம், கடைசி சாங் என்றால் களஞ்சியம். நான் சமநிலைக் களஞ்சியம் என்று சொல்லப்போகிறேன்.

இந்த யோசனை 2,300 வருஷத்துக்கு மேல் பயணம் செய்து அயோவா மாநிலத்துச் சோள வயலுக்கு வந்து சேர்ந்தது. வழியில் என்னென்ன ஆச்சுன்னு பார்த்தால், தத்துவத்தை அரசியலில் "அப்ளை" பண்ணுவது உண்மையில் எப்படி இருக்கும் என்று புரியும்.

ஒரு குடும்பத்தின் வரவு செலவு

கி.மு. 5-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி. சீனா பல நாடுகளாகப் பிரிந்து அடித்துக்கொண்டிருந்த காலம். வெய் என்ற நாட்டை வென் என்ற கோமகன் ஆண்டார். அவருக்கு அமைச்சராக இருந்தவர் லி குவெய். அவர் போட்ட ஒரு கணக்கு, சுமார் 500 வருஷம் கழித்து பான் கூ எழுதிய ஹான் வம்ச வரலாற்று நூலில் பதிவாகி நமக்குக் கிடைத்திருக்கிறது. எக்செல் ஷீட் மாதிரி இருக்கும் அந்தக் கணக்கை அப்படியே தருகிறேன். "ஷி" என்பது அப்போதைய தானிய அளவு. மூட்டை என்றே வச்சுக்கலாம்.

ஐந்து பேர் உள்ள விவசாயக் குடும்பம். நிலம் 100 மு. ஒரு முவுக்கு 1.5 மூட்டை வீதம் மொத்த விளைச்சல் 150 மூட்டை. பத்தில் ஒரு பங்கு வரி 15 போக மீதி 135. ஒரு ஆளுக்கு மாதம் 1.5 மூட்டை சாப்பாட்டுக்கு. ஐந்து பேருக்கு வருஷத்துக்கு 90. மிச்சம் 45 மூட்டை. மூட்டை 30 காசு என்று விற்றால் 1,350 காசு. கோயில், பூஜை, ஊர்த் திருவிழா வகையில் 300 காசு போனால் 1,050. துணிமணிக்கு ஆளுக்கு 300 வீதம் 1,500 காசு. ஆக, 450 காசு துண்டு விழுகிறது.

நோய், சாவு, திடீர் வரி எதுவும் இதில் இல்லை என்றும் குறிப்பு எழுதியிருக்கிறார்.

கவனியுங்க, இது பஞ்ச வருஷத்துக் கணக்கு இல்லை. எல்லாம் ஒழுங்காக நடந்த சாதாரண வருஷத்தின் கணக்கு. சாதாரண வருஷத்திலேயே விவசாயி கடனாளி. ஏன்? அறுவடை முடிந்ததும் எல்லாரும் ஒரே நேரத்தில் விற்கிறார்கள், விலை விழுகிறது. இவர் கையில் தானியம் தீர்ந்து வாங்கப் போகும்போது விலை ஏறியிருக்கிறது. விலை ரொம்ப ஏறினால் வாங்கிச் சாப்பிடுபவன் அழிகிறான், ரொம்ப இறங்கினால் விளைவிப்பவன் அழிகிறான், இரண்டில் எது நடந்தாலும் நாடு நலிகிறது. இதுதான் அவர் வாதம்.

தீர்வாக அவர் ஒரு அட்டவணை போட்டார். நல்ல விளைச்சலை மூன்று தரமாகப் பிரித்தார். அமோக விளைச்சலில் உபரியின் நாலு பங்கில் மூன்றை அரசு வாங்கணும். நடுத்தரத்தில் மூன்றில் இரண்டு. சுமாரான நல்ல வருஷத்தில் இரண்டில் ஒன்று. விலை சமநிலைக்கு வந்ததும் வாங்குவதை நிறுத்தணும். பஞ்சத்தையும் அதேபோல மூன்று தரமாக்கி, சின்னப் பஞ்சத்துக்குச் சின்ன விளைச்சலில் வாங்கியது, பெரிய பஞ்சத்துக்குப் பெரிய விளைச்சலில் வாங்கியது என்று திறந்துவிடணும்.

எவ்வளவு வாங்குவது என்பதை அமைச்சரின் கருணைக்கோ அந்த நேரத்துப் பதற்றத்துக்கோ விடாமல், முன்கூட்டியே விதியாக எழுதிவைத்ததுதான் இதில் பெரிய விஷயம்.

மென்சியஸ் கேட்ட கேள்வி

அடுத்த நூற்றாண்டில் அதே வெய் நாட்டு மன்னர் ஹுவேயைச் சந்திக்க மென்சியஸ் வருகிறார். மன்னருக்கு ஒரு வருத்தம்: "நான் மக்களுக்காக இவ்வளவு செய்கிறேனே, ஏன் என் நாட்டு ஜனத்தொகை பெருகவில்லை?" மென்சியஸ் சொன்ன பதிலின் சாரம் இதுதான். விளைச்சல் மிகும்போது மனுஷன் சாப்பிடுவதை நாயும் பன்றியும் தின்கின்றன, நீங்கள் தடுக்கவில்லை. வழியெங்கும் பட்டினிப் பிணம் கிடக்கும்போது களஞ்சியத்தைத் திறக்கவில்லை. கேட்டால் "நான் காரணமில்லை, வருஷம் சரியில்லை" என்கிறீர்கள். ஒருவனைக் குத்திக் கொன்றுவிட்டு, கொன்றது நானில்லை, கத்திதான் என்று சொல்வதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

லி குவெய் சட்டவாத மரபில் வைக்கப்படுபவர். சட்டத் தொகுப்பு ஒன்றை உருவாக்கியவராக அறியப்படுபவர். மென்சியஸ் கன்ஃபூசிய மரபின் பெரிய பெயர். ஒருவர் கணக்குப் போட்டார், இன்னொருவர் பொறுப்பு யாருடையது என்று கேட்டார். மழை பொய்ப்பது இயற்கை. ஆனால் அதில் ஜனங்கள் சாவது ஆட்சியின் செயல் என்பதுதான் மென்சியஸின் வாதம். இதை ஒத்துக்கொள்ளாதவருக்குக் களஞ்சியம் எதற்கு என்றே புரியாது.

கணித நிபுணர் கட்டியதும் அறிஞர்கள் கலைத்ததும்

சமநிலைக் களஞ்சியம் என்ற பெயர் வந்தது ஹான் வம்சத்தில், கி.மு. 54-ல். உருவாக்கியவர் கெங் ஷௌசாங். இவர் கணித நிபுணர், வானியல் கருவி செய்தவர். "ஒன்பது அத்தியாயங்கள்" என்ற புகழ்பெற்ற கணித நூலைத் திருத்தித் தொகுத்தவர்களில் ஒருவராகவும் இவரைச் சொல்வார்கள்.

தொடர்ந்து நல்ல விளைச்சல் வந்து, தானியம் மூட்டை 5 காசுக்கு விழுந்திருந்தது. அதே நேரத்தில் தலைநகருக்குக் கிழக்கிலிருந்து வருஷத்துக்கு 40 லட்சம் அளவு தானியம் கொண்டுவர 60,000 ஆட்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். பக்கத்து மாவட்டங்களிலேயே வாங்கினால் இதில் பாதிக்கு மேல் மிச்சமாகும் என்றார் கெங். பிறகு எல்லைப்புற மாவட்டங்களில் களஞ்சியம் கட்டி, மலிவான காலத்தில் விலையை உயர்த்தி வாங்குவது, கிராக்கியில் விலையைக் குறைத்து விற்பது என்று ஏற்பாடு செய்தார். திட்டம் நன்றாக நடந்தது. அவருக்குப் பட்டமும் கிடைத்தது.

பத்தே வருஷம். கி.மு. 44-ல் களஞ்சியங்கள் மூடப்பட்டன. மூடச் சொன்னவர்கள் யார் தெரியுமா? கன்ஃபூசிய அறிஞர்கள். அரசு ஜனங்களோடு லாபத்துக்குப் போட்டி போடக்கூடாது என்பது அவர்கள் வாதம். கி.பி. 62-ல் மிங் பேரரசர் மறுபடி தொடங்க நினைத்தபோது லியு பான் என்ற அதிகாரி தடுத்தார். பேருக்கு மக்கள் நலம். உள்ளே செல்வாக்குள்ள குடும்பங்கள் அதிகாரிகளோடு கூட்டுச் சேர்ந்து கொழிக்கும் என்றார். இன்றைக்கு டிவி விவாதத்தில் சொன்னாலும் பொருந்தும்.

இலக்கு வைத்தால் என்ன ஆகும்

1069-ல் சோங் வம்சத்து அமைச்சர் வாங் அன்ஷி ஒரு படி மேலே போனார். களஞ்சியத்தில் தானியம் சும்மா கிடப்பதைவிட, அந்த மூலதனத்தை விதைக்கும் காலத்தில் விவசாயிக்குக் கடனாகக் கொடுத்து, அறுவடையில் 20 சதவீத வட்டியோடு வாங்கிக்கொள்ளலாம் என்றார். கந்துவட்டிக்காரன் வாங்கியது அதைவிட அதிகம், அதனால் நோக்கம் நல்லதுதான். "பசும்பயிர்க் கடன்" என்று பெயர்.

நடைமுறையில் என்ன ஆச்சுன்னா, எவ்வளவு கடன் கொடுத்தோம் என்பதே அதிகாரிகளின் சாதனை அளவுகோலாகிவிட்டது. கடன் வேண்டாதவர்கள் தலையிலும் கட்டினார்கள். வசதியான குடும்பங்களை ஏழைகளுக்கு ஜாமீன் போட வைத்தார்கள். சிமா குவாங், கவிஞர் சூ ஷி போன்றவர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். பேரரசர் ஷென்சோங் 1085-ல் இறந்ததும் சிமா குவாங் பதவிக்கு வந்து சீர்திருத்தங்களைக் கலைத்தார். சாஃப்ட்வேர் கம்பெனியில் வருஷக் கடைசி அப்ரைசல் பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. எதை அளக்கிறோமோ அது மட்டும் வளரும். எதற்காக அளக்க ஆரம்பித்தோமோ அது வளரணும்னு கட்டாயமில்லை.

இந்த ஏற்பாடு உச்சத்துக்குப் போனது 18-ஆம் நூற்றாண்டு சிங் ஆட்சியில். நாடு முழுக்க மாவட்டக் களஞ்சியங்கள். 1743-44-ல் தலைநகரைச் சுற்றியுள்ள மாகாணத்தில் வறட்சி வந்தபோது, களஞ்சியத் தானியத்தை வைத்துப் பல மாதங்கள் நிவாரணம் கொடுத்தார்கள். பிறகு 1748-ல் சியென்லுங் பேரரசர் மாகாண அதிகாரிகளிடம் ஒரு கேள்வி கேட்டார்: தானிய விலை ஏன் ஏறிக்கொண்டே போகிறது? பல அதிகாரிகள் சொன்ன காரணங்களில் ஒன்று, அரசே இவ்வளவு வாங்கிக் குவிப்பதுதான் என்பது. விலையைச் சமப்படுத்த வந்த கருவியே விலையை ஏற்றுகிறது! சேமிப்பு இலக்கைச் சுமார் 3.4 கோடி மூட்டையாகக் குறைத்தார்கள்.

அடுத்த நூற்றாண்டில் உள்நாட்டுப் போர், கஜானா வறட்சி, ஊழல் எல்லாம் சேர்ந்து களஞ்சியங்கள் காலியாகின. 1876-79 வட சீனப் பஞ்சத்தில் 90 லட்சம் முதல் 1.3 கோடி பேர்வரை இறந்ததாக மதிப்பிடுகிறார்கள். அதே எல் நினோ காலத்தின் வறட்சிதான் இங்கே தாது வருஷப் பஞ்சமாக வந்தது. அங்கே களஞ்சியம் இருந்து காலியாகிப் போயிருந்தது. இங்கே சந்தையில் தலையிடக்கூடாது என்ற கொள்கையோடு பிரிட்டிஷ் அரசு இருந்தது. செத்தவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான்.

ஒரு ஆய்வேடு

இப்போ கதை நியூயார்க்குக்குப் போகுது. சென் ஹுவான்சாங் என்பவர் 1904-ல், சீனாவின் கடைசி அரசாங்கத் தேர்வில், உயர்ந்த பட்டம் பெற்றவர். சீர்திருத்தவாதி காங் யூவெயின் சீடர். கன்ஃபூசியம் ஒரு பழைய குப்பை என்று சீன இளைஞர்களே சொல்ல ஆரம்பித்த காலத்தில், கன்ஃபூசியத்திலேயே முழுப் பொருளாதாரமும் இருக்கிறது என்று நிரூபிக்கக் கிளம்பியவர். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டத்துக்கு எழுதிய ஆய்வேடு 1911-ல் "கன்ஃபூசியஸும் அவர் மரபினரும் வகுத்த பொருளாதாரக் கோட்பாடுகள்" என்ற பொருள்படும் தலைப்பில் இரண்டு தொகுதியாக வந்தது. அடுத்த வருஷமே ஜான் மேனார்ட் கெயின்ஸ் அதற்கு மதிப்புரை எழுதினார்.

அதில் லி குவெய், கெங் ஷௌசாங், வாங் அன்ஷி எல்லாரும் வருகிறார்கள். எல்லாரையும் கன்ஃபூசிய மரபு என்ற ஒரே குடைக்குக் கீழே சென் கொண்டுவந்துவிட்டார். லி குவெயின் கோமகன், கன்ஃபூசியஸின் நேரடி மாணவர் சீஷியாவைக் குருவாக மதித்தவர் என்பதால் ஒரு தொடர்பு இருக்கத்தான் செய்கிறது. ஆனால் கி.மு. 44-ல் இதை மூடச் சொன்னவர்களும் கன்ஃபூசியர்கள்தானே?

இந்தப் புத்தகம் அயோவாவில் குடும்ப விவசாயப் பத்திரிகை நடத்திக்கொண்டிருந்த ஹென்றி வாலஸின் கைக்குக் கிடைத்தது. 1920-களிலேயே அவர் இந்தப் பெயரைப் பத்திரிகையில் பயன்படுத்த ஆரம்பித்துவிட்டார். பெயர் எங்கிருந்து வந்தது என்று சீனவியல் அறிஞர் டெர்க் பாடி பிற்பாடு வாலஸிடமே கேட்டார். கொலம்பியாவில் ஒரு சீனர் எழுதிய ஆய்வேட்டிலிருந்து என்று வாலஸ் பதில் சொன்னார். பாடி 1946-ல் இதைக் கட்டுரையாக வெளியிட்டார்.

நகைக் கடன் மாதிரி ஒரு சோளக் கடன்

1933-ல் வாலஸ் பதவிக்கு வந்தபோது நிலைமை படுமோசம். விலை விழுந்துகொண்டே இருந்ததால், நிலத்தில் நின்ற பருத்தியில் சுமார் 1 கோடி ஏக்கரை உழுது அழிக்கவும், 60 லட்சம் பன்றிகளைக் கொல்லவும் விவசாயிகளுக்குப் பணம் கொடுத்தார்கள். வேலையில்லாத நகரத்து ஜனம் பசியில் வரிசையில் நின்ற நேரம் அது. வாலஸுக்கே பிடிக்காத வேலை.

அதே வருஷம் அக்டோபரில் சரக்குக் கடன் கழகம் என்று ஒன்றை அமைத்தார்கள். அது வேலை செய்த விதம் நம்ம ஊர் நகைக் கடனுக்குப் பக்கத்தில் வரும். விவசாயி சோளத்தைத் தன் குதிரிலேயே சீல் வைத்து அடமானம் வைப்பார். புஷலுக்கு 45 சென்ட் கடன். சந்தை விலை அதற்கு மேல் ஏறினால் கடனைக் கட்டிவிட்டுச் சோளத்தை விற்கலாம். ஏறாவிட்டால் சோளத்தை அரசிடமே விட்டுவிடலாம். மேற்கொண்டு யாரும் வந்து கேட்கமாட்டார்கள். லி குவெயின் கொள்முதல் அதிகாரி செய்த வேலையை இங்கே ஒரு கடன் பத்திரம் செய்கிறது. 1934-ல் கடும் வறட்சி வந்து விலை ஏற, விவசாயிகள் கடனைக் கட்டிச் சோளத்தை மீட்டார்கள்.

1936 ஜனவரியில் முதல் வேளாண் சட்டத்தை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அதே வருஷம் இன்னொரு வறட்சி. அதற்குப் பிறகு 1938 பிப்ரவரியில் வந்த புதிய சட்டத்தில் சமநிலைக் களஞ்சியம் நிரந்தர ஏற்பாடாக உட்கார்ந்தது. இரண்டாம் உலகப் போர் வந்தபோது அந்தச் சேமிப்பு கைகொடுத்தது. 1944-ல் துணை ஜனாதிபதியாகச் சீனா போன வாலஸ், அங்கே வாங் அன்ஷியைப் பாராட்டிப் பேசினார்.

விலையை எங்கே நிறுத்துவது

இதை ஒரு சின்னப் புரோகிராமாக எழுதிப் பாருங்க. விளைச்சல் வருஷா வருஷம் தாறுமாறாக ஏறி இறங்கட்டும். அரசு ஒரு விலைக்குக் கீழே போனால் வாங்கும், ஒரு விலைக்கு மேலே போனால் விற்கும். அந்த விலைகளை நீண்டகாலச் சராசரிக்குக் கொஞ்சம் மேலே வைத்தால், இருப்பு ஏறிக்கொண்டே போய் குடோன் நிரம்பி வழியும். கொஞ்சம் கீழே வைத்தால், என்றாவது ஒருநாள் பூஜ்யம். நடுவில் வைப்பது அரசியல்ரீதியாகக் கஷ்டம். ஏன்னா விற்பவனுக்கும் ஓட்டு, வாங்குபவனுக்கும் ஓட்டு.

அமெரிக்காவில் நடந்தது முதல் வகை. போருக்குப் பின்னும் ஆதரவு விலை உயரத்திலேயே நின்றது. 1950-களில் இடமில்லாமல், ஹட்சன் நதியில் நிறுத்திவைத்த பழைய போர்க்காலச் சரக்குக் கப்பல்களில் கோதுமையைக் கொட்டிவைத்தார்கள். 1954-ல் பி.எல். 480 சட்டம் போட்டு அதை வெளிநாட்டுக்கு அனுப்ப ஆரம்பித்தார்கள். 1956-ல் இந்தியாவோடு ஒப்பந்தம். 1960-களில் நம்ம ரேஷன் கடையில் வாங்கிய அமெரிக்கக் கோதுமை வாலஸின் களஞ்சியம் வழிந்து வந்தது. 1966-ல் மட்டும் நாம் இறக்குமதி செய்த தானியம் சுமார் 1 கோடி டன். அடுத்த கப்பல் எப்போ வரும் என்று காத்திருந்த அந்த அனுபவத்துக்கு நடுவேதான், 1965 ஜனவரியில் இந்திய உணவுக் கழகம் தொடங்கியது. அதன் முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில்.

அப்போ எதை எடுத்துக்கொள்வது?

இந்த யோசனை சட்டவாதியிடம் பிறந்தது. கன்ஃபூசியர்கள் மூடினார்கள். ஒரு கன்ஃபூசியர் இதைக் கன்ஃபூசியம் என்று உலகத்துக்கு அறிமுகப்படுத்தினார். கிறிஸ்தவ நம்பிக்கை உள்ள ஒரு அமெரிக்கர் எடுத்துக்கொண்டார். பைபிளில் எகிப்துக் களஞ்சியத்தை நிரப்பிய ஜோசஃபையும் அவர் துணைக்கு அழைப்பதுண்டு. ஆக, "இது எங்கள் தத்துவம்" என்று யார் கொடி பிடித்தாலும் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் வரும். எல்லை தாண்டிப் போய் உயிரோடு இருந்தது அதன் வேலை செய்யும் விதம்: எப்போ வாங்கணும், எப்போ விற்கணும், எவ்வளவு, யார் முடிவெடுப்பது. லியு பான் போன்றவர்களின் எதிர்ப்பையும் சேர்த்துப் படித்தால்தான் அந்த விதம் முழுசாகப் புரியும். எதிர்த்தவர்கள் எல்லாரும் ஏழைகளின் எதிரிகள் இல்லை. பலர் நிஜமான ஓட்டையைக் காட்டினார்கள்.

வீட்டுக்கும் இதில் விஷயம் இருக்கு. நாம் பட்ஜெட் போடும்போது பெரிய செலவுகளையும் பயங்கரமான சூழ்நிலைகளையும்தான் நினைக்கிறோம். லி குவெய் சாதாரண வருஷத்தை எடுத்துக்கொண்டார். ஒன்றும் நடக்காத ஒரு மாதத்தில் உங்கள் வீட்டில் துண்டு விழுகிறதா என்று எழுதிப் பாருங்க. அங்கேயே 450 காசு குறைந்தால் அவசர நிதியைப் பற்றிப் பேசுவதே வீண். அடுத்தது, சேமிப்பு விதியை நல்ல மாதத்திலேயே எழுதிவைக்கணும். போனஸ் வந்த பிறகு எவ்வளவு சேமிக்கலாம்னு யோசித்தால் என்ன ஆகும்னு எல்லாருக்கும் தெரியும். போனஸில் நாலில் மூன்று, சம்பள உயர்வில் இரண்டில் ஒன்று என்று முன்பே எழுதிவைப்பது 2,400 வருஷப் பழைய முறை, இன்னும் வேலை செய்யும்.

அரசியலுக்கு நான் எடுத்துக்கொள்வது மென்சியஸின் கேள்வியை. வெள்ளம் வந்தால் மழை அதிகம் என்கிறார்கள், வெங்காயம் விலை ஏறினால் விளைச்சல் இல்லை என்கிறார்கள். எல்லாம் உண்மையாகவே இருக்கலாம். அடுத்தமுறை அப்படி ஒரு பேட்டி கேட்கும்போது இரண்டு விஷயம் மட்டும் கேட்டுப் பாருங்க: போன நல்ல வருஷத்தில் எவ்வளவு எடுத்துவைத்தீர்கள்? அதை எப்போது திறப்பது என்று எங்கே எழுதிவைத்திருக்கிறீர்கள்?